500 டாலர் கட்டி 500 டாலர் கடன் வாங்கிய கதை

டெக்சாஸில் இர்விங் பக்கம் எச்-1பி விசாவில் வந்து இறங்கி மூன்று வருடம் தாண்டிவிட்டது. கார்டு, கார் கடன் எல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன கிரெடிட் யூனியனில்தான் (நம் ஊர்க் கூட்டுறவு வங்கி மாதிரி). கொஞ்சம் திட்டவும் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒன்றரை எங்கே போனது என்று சொல்கிறேன்.

ஊரில் என் சிபில் ஸ்கோர் 800க்கு மேல். திண்டுக்கல் வீட்டுக் கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்தவன். அந்தத் தெம்பில், எஸ்எஸ்என் (இங்கே எல்லாவற்றுக்கும் கேட்கும் சமூகப் பாதுகாப்பு எண்) கைக்கு வந்த மறுநாளே ஒரு பெரிய வங்கியின் கார்டுக்கு விண்ணப்பித்தேன். பத்து நாளில் தபால் வந்தது: கடன் வரலாறு போதாது, கார்டு இல்லை. மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் கடிதம் என்னவோ மரியாதையாகத்தான் இருந்தது. விசாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கார்டு கேட்டு விண்ணப்பித்த அந்தத் தடயம் இரண்டு வருடம் என் கடன் ரிப்போர்ட்டில் கிடக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஊரிலேயே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்கு அதே கம்பெனியில் இங்கே விண்ணப்பிக்கத் தனி வழி உண்டு. 2019இல், வெளிநாட்டுக் கடன் வரலாற்றை இங்கே எடுத்துக் கொடுக்கும் நோவா கிரெடிட் என்ற கம்பெனியோடு சேர்ந்து இந்தியக் கடன் வரலாற்றைப் பார்க்கவும் ஆரம்பித்தார்கள். வருவதற்கு முன்பே இது தெரிந்திருந்தால் முதல் விண்ணப்பத்தை அங்கே போட்டிருப்பேன்.

அலுவலகத்தில் மதுரைக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் அவர் காரில்தான் வேலைக்குப் போய்வந்தேன். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இந்த ஊருக்கு நீ இன்னைக்குப் பொறந்த குழந்தை. உன் காசையே அவங்ககிட்ட குடுத்து, அதையே கடனா வாங்கித் திருப்பிக் கட்டு. ஆறு மாசத்துல ஆளாயிடுவ."

அதுதான் செக்யூர்ட் கார்டு. 500 டாலர் டெபாசிட் கட்டினால் 500 டாலர் லிமிட். நாம் கட்டாவிட்டால் டெபாசிட்டில் எடுத்துக்கொள்வார்கள். அடகுக்கடையில் நகைக்குப் பதில் ரொக்கத்தையே வைக்கிற மாதிரி. கூட்டாட்சி உரிமம் உள்ள கிரெடிட் யூனியன்கள் ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி போட முடியாது என்று வரம்பு இருப்பது ஒரு நிம்மதி. பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), ஐ-797 (எச்-1பி ஒப்புதல் கடிதம்), இரண்டு சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் நகல் எடுத்தார். அரை மணி நேரத்தில் கணக்கு திறந்தாயிற்று. இதற்கு முழு மதிப்பெண்.

இரண்டு வாரத்தில் கார்டு வந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் எஃப்என்யூ என்று மூன்று எழுத்து.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. விசா அடிக்கும்போது இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு அந்த மூன்று எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். கிரெடிட் யூனியன் அதையே என் பெயராக எடுத்துக்கொண்டது. கிண்டலோடு போயிருந்தால் பரவாயில்லை. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று கடன் கணக்கு வைக்கும் கம்பெனிகள் மூன்று. ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், ஒன்றில் என் பெயரில் இரண்டு கோப்பு. ஒன்றில் கார்டு இருக்கிறது, இன்னொன்றில் பெரிய வங்கி மறுத்த விண்ணப்பம் மட்டும் இருக்கிறது. சரி செய்ய நான்கு முறை கிளைக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் "சிஸ்டத்தில் முதல் பெயர் கட்டாயம்" என்ற பதில்தான். அரை மதிப்பெண் அங்கே போயிற்று. ரிப்போர்ட்டை ஆன்லைனில் வாரம் ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம், ஸ்கோரை அதில் காட்ட மாட்டார்கள். ரிப்போர்ட்டுக்குக் காசு கேட்கும் இடங்களுக்குப் போகாதீர்கள்.

ஸ்கோர் 300இல் தொடங்கி 850 வரை. கணக்கு குறைந்தது ஆறு மாதம் ஓடினால்தான் ஃபைகோ ஸ்கோர் (இங்கத்திய சிபில் ஸ்கோர் மாதிரி) என்று ஒன்று வரும். எனக்கு முதலில் வந்தது 648. ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் முழுத் தொகையும் கட்டியவனுக்கு இதுவா என்று கடுப்பாகிவிட்டது. விஷயம் என்னவென்றால், நான் மளிகை, பெட்ரோல், போன் பில் எல்லாவற்றையும் அந்தக் கார்டில் தேய்த்து மாதம் 460 டாலர் வரை போய்விடுவேன். ஸ்டேட்மென்ட் போடும் நாளில் எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதுதான் ரிப்போர்ட்டுக்குப் போகிறது. கெடு நாளில் கட்டினால் வட்டி கிடையாது, ஆனால் 500இல் 460 தின்றவன் என்ற பெயர் நின்றுவிடுகிறது. ஸ்டேட்மென்ட்டுக்கு மூன்று நாள் முன்பே கட்டி, 50 டாலருக்குள் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் 700ஐத் தாண்டியது. கார்டு கொடுக்கும்போது இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

மீதி ஒரு மதிப்பெண் கார் கடனில் போனது. 2023 டிசம்பர். பழைய கேம்ரி, 14,000 டாலர் கடன், 7 சதவீதம், 60 மாதம், தவணை 277 என்று போனில் சொன்னார்கள். சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தேன். கடன் அதிகாரி ஐ-797ஐ வாங்கிப் பார்த்தார், பின் பக்கம் திருப்பினார், மறுபடி முன் பக்கம். தேதிக்கு மேல் பேனாவை வைத்து எண்ணினார். விசா முடிய 20 மாதம்தான் இருக்கிறது, அதற்குள் கடனும் முடிய வேண்டும் என்றார். அப்படியானால் தவணை 744. எச்-1பியை நீட்டிக்கலாம், ஆறு வருடம் வரை போகும் என்று எடுத்துச் சொன்னேன். நீட்டிப்பு வந்த பிறகு வாருங்கள் என்றார். குடியேற்ற நிலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, அதனால் சண்டை போட்டுப் பயனில்லை. எல்லா இடத்திலும் இப்படி இல்லை. விசா தேதியே கேட்காத இடங்களும் இருக்கின்றன, வட்டிதான் வேறு. போனிலேயே தேதியைக் கேட்டிருந்தால் ஒரு நாள் லீவு மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் கையில் இருந்த 6,000 டாலரைக் கூடுதலாகப் போட்டு, 8,000 மட்டும் வாங்கினேன். தவணை 425, மொத்த வட்டி 500 டாலர். முதலில் கேட்ட 14,000ஐ 60 மாதம் இழுத்திருந்தால் வட்டி மட்டும் 2,600 டாலருக்கு மேல். வேலை போனால் வேறு இடம் பார்க்க 60 நாள்தான் கெடு இருக்கிற நான் 60 மாதக் கடனுக்கு ஆசைப்பட்டதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. 2025 ஆகஸ்டில் அடைத்துவிட்டேன், நீட்டிப்பும் வந்துவிட்டது. வீட்டுக் கடன் பக்கம் இன்னும் போகவில்லை. 2025 மே 25 முதல் எச்-1பி போன்ற விசாக்காரர்களுக்கு எஃப்எச்ஏ கடன் (அரசு காப்பீடு கொடுக்கும் வீட்டுக் கடன்) கிடையாது, வழக்கமான கடன்தான் வழி.

டெபாசிட் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினெட்டாம் மாதம் செக்யூர்ட் கார்டைச் சாதாரணக் கார்டாக மாற்றி, 500 டாலரைக் காசோலையாக அனுப்பினார்கள். எஃப்என்யூ பெயரில். போனில் படம் பிடித்து அவர்களுடைய ஆப்பிலேயே போட்டேன். பெயர் பொருந்தவில்லை என்று அவர்களுடைய ஆப்பே திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி கிளைக்குப் போனேன். முதல் நாள் நகல் எடுத்த அதே அம்மா. காசோலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பாஸ்போர்ட் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டார்.