மதியத் தூக்கமா, முன்னிரவுத் தூக்கமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அங்கன்வாடியில் சோறும் பயறும் சாப்பிட்டு முடிந்ததும் பாய் விரித்துவிடுவார்கள். மூன்று வயதுக்காரர்கள் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போவார்கள். ஐந்தை நெருங்கியவனோ பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு கிடப்பான்.

3, 4 வயதுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி. பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. மதியம் தூங்கி எழுந்த பிள்ளைக்குச் சாயங்கால அழுகையும் அடமும் குறையும். பாலக்காட்டுக் கோடையில் வாடிய பிள்ளைக்கு அதுவே பாதி மருந்து. ஆனால் நாலு மணியைத் தாண்டினால் இரவு பத்தரைக்கும் கண் சொக்காது.

பகல் தூக்கத்தை விட்டால் இரவு ஏழரைக்கே படுக்கவைக்க வேண்டும். சிக்கலே இங்கேதான். கோவையில் வேலை முடித்துப் பஸ்ஸில் வரும் அப்பா வீடு சேரவே எட்டரை ஆகும். பிள்ளை அவருக்காக விழித்திருக்கும். தொலைக்காட்சி வேறு. பகலும் போய் இரவும் குறைந்தால் இரட்டை நட்டம்.

என் கட்சி இதுதான்: நான்கு வயது வரை மதியம் தூங்கட்டும், மூன்று மணிக்குள் எழுப்பிவிடுங்கள். தூக்கம் வராதவனை அதட்டாமல் படப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுங்கள்.