புது அலாய், புது டயர் போட்ட ஸ்விஃப்ட்: நீண்ட நாள் ஓட்டியபின்

என் ஸ்விஃப்ட்டில் கம்பெனி போட்டுக் கொடுத்தது 185/65 ஆர்15 டயர். அதைக் கழற்றிவிட்டு, பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் 16 அங்குல அலாய் சக்கரமும் 195/55 ஆர்16 டயரும் போட்டேன். அளவில் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் மொத்த விட்டம் ஏறக்குறைய 621 மி.மீ. தான், ஸ்பீடோமீட்டர் கணக்கும் மாறாது. பக்கச்சுவர் மட்டும் 120 மி.மீ.யிலிருந்து 107 ஆகக் குறைகிறது.

ஆனால் வண்டியின் குணமே மாறிவிட்டது. அத்திப்பள்ளி தாண்டி கிருஷ்ணகிரி பக்கம் போகும்போது 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும். மேலே தார் சுரண்டி வரிவரியாக விட்டிருக்கும் ரோட்டில் வண்டி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போகும். மண் கிடக்கும் ஓரத்தில் பிரேக் அடித்தால் ஒரு பக்கமாக இழுக்கும். போகிற இடமெல்லாம் சொன்னது ஒன்றுதான்: அலைன்மென்ட் பாருங்கள். பார்த்தோம். ரிப்போர்ட்டில் எல்லா எண்ணும் பச்சை. பேலன்சிங்கும் திரும்பச் செய்தார்கள், பூஜ்யம் காட்டியது. நடுக்கம் போகவில்லை.

வில்சன் கார்டனில் கராஜ் வைத்திருக்கும் தர்மபுரிக்காரர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். “சார், டயரை விடுங்க. சக்கரம் எப்படி உட்காருதுன்னு பாக்கலாம்” என்று முன்சக்கரத்தைக் கழற்றினார். பழைய கம்பெனி சக்கரத்தை மாட்டியபோது ஹப்பின் மேல், அதாவது வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியின் மேல், டக்கென்று உட்கார்ந்தது, ஆட்டமே இல்லை. புது அலாயை மாட்டிவிட்டு, ஹப்பைச் சுற்றி இருந்த இடைவெளியில் சுண்டுவிரல் நுனியை விட்டுக் காட்டினார். ஸ்விஃப்ட் ஹப்புக்கு சக்கரத்தின் நடுவில் 54.1 மி.மீ. துளை வேண்டும். வெளியில் விற்கும் அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் பெரும்பாலும் 73.1 மி.மீ. துளையோடு வருகின்றன. சுற்றிலும் 9.5 மி.மீ. காலி. சக்கரம் நடுவில் நிற்பது நட்டுகளை நம்பி மட்டும்தான். முடுக்கும்போது கொஞ்சம் விலகினாலும் சுழற்சி மையம் தப்பிவிடும். பேலன்சிங் மெஷினில் சக்கரம் அதன் கூம்பில் சரியாக உட்காருவதால் அங்கே இது தெரியவே தெரியாது.

தீர்வு ஹப் ரிங், அதாவது 73.1-க்கும் 54.1-க்கும் இடையில் போடும் ஒரு வளையம். அலுமினியத்தில் வாங்கினேன். வண்டியைத் தரையில் இறக்காமல் நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, இறக்கியபின் டார்க் ரெஞ்சால், அதாவது குறித்த அளவு விசையில் முடுக்கும் ஸ்பேனரால், இறுக்கினார். சேலம் வரை போய் வந்தேன், நடுக்கம் சுத்தமாக இல்லை.

காற்றிலும் ஒரு விஷயம் இருந்தது. ரிம்மில் டயர் உட்கார அதிகமாக ஏற்றிய காற்றைக் கடையில் அப்படியே விட்டிருந்தார்கள். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்கியதும் அல்சூர் பக்கத்துப் பள்ளங்களில் வண்டி துள்ளுவது குறைந்தது.

கோடு பிடிப்பதும் பிரேக்கில் இழுப்பதும் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் ஆஃப்செட், அதாவது சக்கரம் ஹப்பில் ஒட்டும் முகம் சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. கம்பெனி சக்கரத்தைவிட இந்த அலாயின் ஆஃப்செட் குறைவு, அகலமும் 7 அங்குலம். ஆஃப்செட் 10 மி.மீ. குறைந்தால் சக்கரம் அவ்வளவு வெளியே தள்ளி நிற்கும். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் மாறிவிடும். அப்புறம் ரோட்டில் உள்ள ஒவ்வொரு வரியும், இரு பக்கமும் சமமில்லாத பிடிப்பும், நேராகக் கைக்கு வரும். இதை எந்த அலைன்மென்ட்டும் சரி செய்யாது. வெளியே துருத்தி நிற்பது அழகு என்று கடைக்காரர்கள் விற்கிறார்கள். அந்த அழகுக்கு பேரிங்கும் விலை கொடுக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

அதே டயர்களை வைத்துக்கொண்டு, கம்பெனி ஆஃப்செட்டுக்கு நெருக்கமான 6 அங்குல அகல அலாயாக மாற்றினேன். இப்போது சில்க் போர்டு பக்கம் சுரண்டிய ரோட்டிலும் வண்டி நேராகப் போகிறது, வளைவில் பழைய 15 அங்குலத்தைவிட உறுதியாகவும் நிற்கிறது. வேகத்தடையில் இடி கொஞ்சம் கூடுதல்தான், பக்கச்சுவர் குறைந்ததால் அது இருக்கவே செய்யும். டயர் தேய்மானம் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் சமமாக இருக்கிறது. சக்கரத்தை எங்கே கழற்றினாலும் ரிங் உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொல்கிறேன். பஞ்சர் கடையில் அது கழன்று கீழே விழுந்தால் யாரும் கவனிப்பதில்லை.