வன்னியில் ஹாண்ட் பிறேக் எதுக்கு அண்ணை?

மச்சான் ஒருவன் கேட்டிருந்தான்: பரந்தன் பக்கம் ஒரு ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் பிக்கப் விலைக்கு வந்திருக்கு, உங்களிட்ட இருக்கிற அதே எல்.என்.106 மொடல், எடுக்கலாமோ? பதில் நீண்டு போனதால் எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன். 3எல் எஞ்சின், 2.8 லீற்றர் டீசல், நாலு சில்லுக்கும் ஸ்பிறிங் தட்டு. இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறான். எஞ்சினைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும். மாரியில் ஒட்டுசுட்டான் உள் றோட்டுகளில் ரைக்ரர் புதைகிற இடத்திலும் நெல் மூட்டையோடு வெளியே வரும். என் உயிரை வாங்கியது இறுகிப்போன ஹாண்ட் பிறேக் கேபிள்.

வன்னியில் ஹாண்ட் பிறேக் கேபிள் தேடுகிறேன் என்றால் முதலில் சிரிப்பார்கள். வவுனியாவில் இருந்து ஏ9 இல் கிளிநொச்சி வரைக்கும் போனாலும் வண்டி தானாக உருளுகிற மாதிரி ஒரு இறக்கம் கிடையாது. குளக்கட்டில் நிற்பாட்டினால் கியரில் போட்டு, சில்லுக்கு ஒரு கல்லு. எங்கள் பக்கத்துக் கப்புகள் முக்காவாசியில் சீற்றுக்குக் கீழே அதற்கென்றே ஒரு பாலைக்கட்டை கிடக்கும். "இஞ்ச என்ன நுவரெலியாவே அண்ணை, கழட்டி விட்டிடுவம்" என்று சொல்லாத கராஜ்காரரை நான் காணவில்லை. ஒருவர் சொல்லியே முடிக்கவில்லை, இடப்பக்கக் கேபிளைக் கழற்றிக் கட்டுக்கம்பியால் செசியோடு (வண்டியின் அடிச்சட்டம்) சுற்றிக் கட்டிவிட்டார்.

எரிச்சல் அங்கே இருந்துதான் தொடங்கியது. அதற்குப் பிறகு பிறேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகத் தொடங்கியது. பிறேக் குழாயில் காற்று எடுத்தோம். மேலே வரும், கொஞ்ச நாளில் திரும்பவும் இறங்கும். "மாஸ்ரர் சிலிண்டர் போச்சு" என்றார்கள், அதையும் மாற்றினோம். பெடல் அதே கதைதான். கடைசியில் வவுனியாவில் பழைய ரொயோட்டாக்களோடு மாரடிக்கிற ஒரு வயதான பாஸ் (மெக்கானிக்), பின் சில்லின் பிறேக் ட்ரம்மைக் கழற்றாமலே கேட்டார்: "தம்பி, ஹாண்ட் பிறேக் இழுக்கிறனியோ?"

விஷயம் இதுதான். ட்ரம்மை உள்ளே இருந்து அழுத்திப் பிடிப்பது பிறேக் சூ; இந்த வண்டியில் பின் சூவுக்கும் ட்ரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானாகச் சரிசெய்வது கால் பிறேக் இல்லை, ஹாண்ட் பிறேக். கைப்பிடியை இழுக்கும்போது ட்ரம்முக்குள் ஒரு சின்ன நெம்பு அசையும். சூவில் ஒட்டியிருக்கும் லைனர் தேய்ந்திருந்தால் அது பல்லுச் சில்லை ஒரு பல்லுத் தட்டி, சூவை வெளியே தள்ளும். கேபிளைக் கழற்றிவிட்டால் தட்டுவதற்கு ஆள் இல்லை. தேயத் தேய இடைவெளி கூடும், பெடல் இறங்கும். தட்டையான நாட்டில் ஹாண்ட் பிறேக் தேவையில்லை என்று கழற்றிவிடுகிறவர்கள் ஒழுங்காகப் பிடிக்கிற கால் பிறேக்கையும் சேர்த்துத்தான் கழற்றுகிறார்கள். இதைச் சொன்னால் கராஜில் யாரும் நம்புவதில்லை, அது வேறு கதை.

முதலில் கேபிள் இறுகினதற்கு நாட்டு நிலைமையும் ஒரு காரணம். 2022 இல் டீசல் இல்லாமல், கியூஆர் பங்கீடு வந்த காலத்தில், வண்டி கொட்டிலுக்குள் கிடையாய்க் கிடந்தது. சில்லுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் எல் வடிவில் ஒரு கை உண்டு, கேபிள் இழுப்பது அதைத்தான். அதன் றப்பர் உறை கிழிந்தால் வயல் சேறு உள்ளே போய்க் காய்ந்து, கை திரும்பி வராது. சூ உரசிக்கொண்டே ஓடும், முறிகண்டியில் தேங்காய் உடைக்க இறங்கினால் பின் சில்லில் லைனர் கருகின மணம் வரும்.

இனித் தேடின கதை. கேபிள் மூன்று. கைப்பிடியில் இருந்து செசிக்கு வருவது 46410, வலப்பக்கச் சில்லுக்கு 46420, இடப்பக்கத்துக்கு 46430. ரொயோட்டா இலக்கத்தில் முதல் ஐந்தும் என்ன சாமான் என்று சொல்லும், பிந்தின ஐந்தும் எந்த வண்டிக்கு என்று சொல்லும். கடைக்காரருக்கு முதல் ஐந்து போதும். "ஹைலக்ஸ் தானே, எல்லாம் ஒண்டுதான்" என்று பிந்தின மொடலான எல்.என்.166 இன் கேபிளை எடுத்து நீட்டுவார்கள். ஒன்றில்லை. நீளம் வேறு, செசியில் பூட்டுகிற தாங்கி நிற்கும் இடம் வேறு. வலதும் இடதும்கூட ஒரே நீளம் இல்லை. வலது எல்லாக் கடையிலும் கிடக்கிறது. இடதுக்குத்தான் தட்டுப்பாடு. ஏன் என்று கேட்டால் "முடிஞ்சுது" என்பதுதான் விளக்கம்.

2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள்; அந்த இடைவெளியில் 90களின் கப்புக்கு வந்த மரியாதையும் இதற்கு உதவவில்லை. யாரும் உடைக்கவில்லை. உடைத்தால்தானே பழைய சாமான் வெளியே வரும். அக்காவின் மகன் கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி, ஒரு ஜப்பான் பழசை எடுத்து இரவு பஸ்ஸில் போட்டுவிட்டான். விடியற்காலை மாங்குளம் சந்தியில் இறக்கித் தந்தார்கள். பூட்டிப் பார்த்தால், அதுவும் வலது.

பிறகு ஒரு கடையில் புத்தம் புது கொப்பி (ஒரிஜினல் இல்லை) இடது கிடைத்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: நீளம் சரி, தாங்கி சரி, விலையும் பரவாயில்லை. ஒரு மாரி தாங்கவில்லை. ஸ்பிறிங் தட்டுக்கு மேலே வளைகிற இடத்தில் வெளி உறை வெடித்து, தண்ணீர் உள்ளே போய், உள்கம்பி துருவில் பிடித்துக்கொண்டது. விற்றவரிடம் கொண்டுபோனால் "உங்கட றோட்டு அப்பிடி அண்ணை" என்றார். றோட்டும் எங்கள் பிழைதான் போல.

கடைசியில் அதே வவுனியாப் பாஸ்தான் வழி சொன்னார்: "செய்விப்பம்." லொறிகளுக்குக் கேபிள் கட்டுகிற ஒருவரிடம் அனுப்பினார். அவர் புதுசைப் பார்க்கவேயில்லை, செசியில் கட்டிக் கிடந்த பழைய ஒரிஜினலைக் கேட்டு வாங்கினார். இரண்டு முனைகளையும் தாங்கியையும் அறுத்து எடுத்தார். வெளி உறையின் நீளம் ஒன்று, உறைக்கு வெளியே நீட்டி நிற்கும் உள்கம்பியின் நீளம் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக அளந்து சுவரில் கரியால் எழுதினார். புதுக்கம்பியை முனைக்குள் விட்டு நசித்து, வைஸில் மாட்டித் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினார். கம்பி அசையவில்லை. கொப்பி வாங்கின காசில் பாதிகூட ஆகவில்லை.

பூட்டும்போது பாஸ் ஒழுங்கை மாற்ற விடவில்லை. முதலில் எல் கையைக் கழற்றித் துருவெடுத்து, கிறீஸ் வைத்து, புது றப்பர் உறை. பிறகு ட்ரம்முக்குள் சூவின் இடைவெளி. எல்லாம் முடிந்த பிறகுதான் கேபிளின் தொய்வு. பலர் செய்வதுபோல் கேபிளை முறுக்கிச் சூவின் இடைவெளியை மறைத்தால் கைப்பிடி இறுகும், பெடல் இறங்கினபடிதான் இருக்கும். அன்று திரும்பி வரும்போது புளியங்குளத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. பெடல் மேலேயே பிடித்தது. பெடல் அவ்வளவு உயரத்தில் நின்றதை நான் இந்த வண்டியில் முதல்முறை கண்டேன். சந்தோசத்தில் மாட்டுக்குக் ஹோர்ன்கூட அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாரி வந்து போய்விட்டது, செய்வித்த கேபிள் அப்படியே இருக்கிறது. வலப்பக்க ஒரிஜினலைவிட இலகுவாக ஓடுகிறது.

ஆகவே மச்சான், எடுக்காதே. டிமோ பட்டா (சின்ன லொறி) ஒன்று எடு, சந்திக்குச் சந்தி சாமான் இருக்கும். ஒரு முழக் கம்பிக்காக கொழும்பு வரை ஆள் விட்டுத் தேடுகிற வேலை மனிசனுக்குத் தேவையில்லை. இவ்வளவு சொல்கிறீர்களே, அப்ப உங்கடையை விலைக்குத் தாருங்கோ என்று கேட்டாயானால் பதில் இப்பவே சொல்லிவிடுகிறேன்: தரமாட்டேன்.

இல்லை, பார்க்கத்தான் போவேன் என்றால் எஞ்சினை ஸ்ராட் பண்ண முதல் இடப்பக்கப் பின் சில்லை ஜக்கில் தூக்கு. கியரை நியூட்ரலில் விட்டு, கையால் சுற்றிப் பார். ஹாண்ட் பிறேக்கை இழுத்துச் சுற்று, திருகி விட்டுத் திரும்பவும் சுற்று. இழுத்தும் சுற்றினால் கேபிள் இல்லை. விட்டும் சுற்றாவிட்டால் எல் கை இறுகிவிட்டது. இரண்டுக்கும் விலையைக் குறைக்கச் சொல்லு. சீற்றுக்குக் கீழே கட்டை கிடந்தால் இன்னும் குறை. பழைய கேபிள் எங்கேயாவது தொங்கினால் அதையும் கேட்டு வாங்கு, முனைகள் தேவைப்படும்.