ரெவிட், நேவிஸ்வொர்க்ஸ்: ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள்

மருத்துவமனைகளும் கல்லூரிக் கட்டடங்களும் கட்டும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது, கோயம்புத்தூரில் இயங்குகிறது. ஆட்டோகேட் வரைபடங்களிலேயே பழகியிருந்த நாங்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரைவு, எஸ்டிமேஷன், திட்டமிடல், சைட், பில்லிங் ஆகிய எல்லாப் பிரிவுகளையும் பிம் (BIM) முறைக்கு, அதாவது கட்டடத்தின் தகவல்கள் அனைத்தையும் ஒரே முப்பரிமாண கணினி மாடலில் வைத்து வேலை செய்யும் முறைக்குக் கொண்டுவர முடிவு செய்து, ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ரெவிட், நேவிஸ்வொர்க்ஸ் மேனேஜ் ஆகிய மென்பொருள்களை வாங்கினோம். திட்டமிடல் பிரிவிலிருந்து அந்த மாற்றத்தை நடத்திய பொறியாளன் என்ற முறையில், இதே முடிவை எடுக்கவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரெவிட்டில் நாம் கோடு வரைவதில்லை. சுவரையும் தூணையும் பீமையும் அவற்றின் அளவு, மட்டம், கான்கிரீட் தரம் ஆகியவற்றோடு வைக்கிறோம். ஒரு தூணை நகர்த்தினால் பிளான், செக்‌ஷன், அளவுப் பட்டியல் அனைத்திலும் அது நகர்கிறது. பல பிரிவுகளின் மாடல்களை ஒன்றாக அடுக்கி, எது எதன் மீது மோதுகிறது என்று காட்டுவது நேவிஸ்வொர்க்ஸ். கொடுத்த பணத்துக்கு முழுப் பயன் கிடைத்தது இந்த மோதல் சோதனையில்தான்.

முதலில் சோதித்த மருத்துவமனைக் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான மோதல்கள் பட்டியலாக வந்தபோது, ஒருவரும் அதைப் படிக்க முன்வரவில்லை. 25 மி.மீ.க்குக் குறைவானவற்றைத் தவிர்த்து, குழாய்க்கும் பீமுக்கும், டக்ட்டுக்கும் (ஏசி காற்று செல்லும் பெட்டிக்குழாய்) கேபிள் டிரேக்கும் (மின்கம்பிகளைத் தாங்கும் தட்டு) எனத் தனித்தனியாகச் சோதித்த பிறகே உண்மையான சிக்கல்கள் கண்ணில் பட்டன. எது விலக வேண்டும் என்பதற்கும் ஒரு வரிசை தேவைப்பட்டது. கழிவுநீர்க் குழாய் சரிவில்தான் ஓட முடியும். 1:80 சரிவில் 16 மீட்டர் போனால் 200 மி.மீ. இறங்கிவிடும். ஆகவே அதற்கு முதலில் வழிவிட்டு, அடுத்து டக்ட், பிறகு அழுத்தத்தில் ஓடும் குழாய்கள், கடைசியாகக் கேபிள் டிரே என்று வகுத்துக்கொண்டோம்.

முன்பெல்லாம் பீமில் ஓட்டை வேண்டும் என்பது கான்கிரீட் இறுகிய பிறகே தெரியவரும். கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் இயந்திரத்தை வரவழைத்து, கம்பி அறுபடுமோ என்ற அச்சத்தோடு துளைப்போம். இப்போது சென்ட்ரிங் (கான்கிரீட்டுக்கான அச்சுப் பலகை) மூடுவதற்கு முன்பே ஸ்ட்ரக்சுரல் பொறியாளரின் ஒப்புதலோடு, பின்னால் குழாய் போவதற்கான ஸ்லீவ் என்ற உறைக்குழாய் வைக்கப்படுகிறது. ஆனால் ஸ்லீவின் இடத்தை முடிவு செய்ய வேண்டிய நாளில் பிளம்பிங் ஒப்பந்ததாரரையே வாடிக்கையாளர் நியமித்திருக்கவில்லை என்றால் மாடல் என்ன செய்யும்? பிம் முறை முடிவுகளைப் பல மாதங்கள் முன்னுக்கு இழுக்கிறது. அதற்கேற்ப ஒப்பந்தங்களும் நியமனங்களும் முன்னுக்கு வராவிட்டால், மாடலில் இருப்பது வெறும் ஊகம். உரிமம் வாங்குவதைவிட, இதை வாடிக்கையாளருக்குப் புரியவைப்பதே எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

எஸ்டிமேஷன் பிரிவினர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ரெவிட் சுவரின் நிகரப் பரப்பைத் தருகிறது. எல்லாத் திறப்புகளையும் கழித்துவிடுகிறது. நாம் பில் போடுவதோ ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் அளவீட்டு முறையில். அதன்படி பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளின் பரப்பைக் கழிப்பதில்லை. மாடல் தந்த எண்ணை அப்படியே பில்லில் ஏற்றினால் ஒப்பந்ததாரருக்கு இழப்பு. அதுபோல, ஸ்லாபும் பீமும் சந்திக்கும் இடம் மாடலில் முறையாக இணைக்கப்படாவிட்டால் அங்குள்ள கான்கிரீட் இருமுறை கணக்காகும். இந்த இரண்டையும் சரிசெய்யும் விதிகளை எழுதி முடிக்கும் வரை, பழைய எக்செல் கணக்கையும் கூடவே வைத்திருந்தோம்.

புதிய ரெவிட் பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது என்பதால், ஒரு திட்டம் தொடங்கும்போதே எல்லா ஆலோசகர்களும் ஒரே பதிப்பை ஏற்றுக்கொள்வது நல்லது. வேறு மென்பொருளில் பணிபுரிபவர்களோடு ஐ.எஃப்.சி. (IFC) என்ற பொதுவான வடிவக் கோப்பாகப் பரிமாறலாம், பார்க்கவும் மோதல் சோதிக்கவும் அது போதும், திருத்துவதற்கு ஏற்றதன்று. 2016-க்குப் பிறகு நிரந்தர உரிமம் விற்கப்படுவதில்லை. சந்தா கட்டியே பயன்படுத்த வேண்டும். ஆகவே எத்தனை பேர் மாடலைத் திருத்துவார்கள், எத்தனை பேர் பார்க்க மட்டும் செய்வார்கள் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களுக்கு நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்த இலவசப் பதிப்பைச் சைட் அலுவலகத்தில் நிறுவியதுதான் நாங்கள் செய்தவற்றுள் மிகப் பயனுள்ளது என்பேன். பிளம்பிங் ஃபோர்மேன் ஒருவர் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “வால்வைத் திருகக் கை எங்க சார் போகும்?” என்று கேட்டார். எங்கள் சோதனையில் அங்கே ஒரு மோதலும் இல்லை. கை நுழைய இடமும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வால்வைச் சுற்றியும் பராமரிப்பு இடத்தை ஒரு கனவடிவமாகவே மாடலில் வைக்கிறோம். அதற்குள் எது நுழைந்தாலும் மோதலாகப் பட்டியலில் வந்துவிடுகிறது.

குழாய்களும் டக்ட்டுகளும் நெருக்கமாக ஓடும் மருத்துவமனை, ஆய்வகம், ஹோட்டல் போன்றவற்றைக் கட்டும் நிறுவனங்களுக்கு இந்த இரண்டு மென்பொருள்களையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். எளிய குடியிருப்புகள் மட்டும் கட்டுபவர்கள் ஓரிரு உரிமங்களோடு ஒரே ஒரு திட்டத்தில் தொடங்கட்டும். எல்லாத் திட்டங்களையும் ஒரே மாதத்தில் மாற்ற முயன்று, பாதியில் நிறுத்திவிட்டு, அந்த மருத்துவமனையோடு மட்டும் மீண்டும் தொடங்கியவர்கள் நாங்கள்.

சைட்டில் நிகழும் மாற்றங்கள் உடனுக்குடன் மாடலுக்கு வந்து சேராதது மட்டும் எங்களிடம் இன்னும் தீராத குறை. அதற்காக, கான்கிரீட் இடுவதற்கு முன் கையெழுத்தாகும் சரிபார்ப்புப் படிவத்தில் ‘மாடல் திருத்தப்பட்டது’ என்றொரு கட்டத்தைச் சென்ற மாதம் சேர்த்திருக்கிறோம். அது நிரப்பப்படாத படிவத்துக்கு பேட்சிங் பிளான்டிலிருந்து (கான்கிரீட் கலக்கும் நிலையம்) வண்டி புறப்படாது.