அமுக்குவான் தொல்லைக்கு இலவம் பஞ்சுத் திண்டு: வாங்கலாம், அளவு சொல்லித் தைத்து வாங்குங்கள்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் மெத்தை தைக்கும் கடைகளில் கேட்டால் நீளத் திண்டு தைத்துத் தருவார்கள். தூக்கத்தில் அடிக்கடி அமுக்குவான் பிடிக்கிறவர்கள், அதாவது முழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியாமல் கிடக்கிறவர்கள், காசு போட்டு வாங்க இதைவிட உருப்படியான பொருள் இல்லை. ஆனால் ரெடிமேடாகத் தொங்குவதை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் கட்டிப்பிடித்துத் தூங்கத்தான் லாயக்கு, முதுகைத் தாங்காது.

முதுகைத் தாங்குவதுதான் இங்கே முக்கியம். கனவு வரும் தூக்கத்தில் மூளை கை கால் தசைகளைக் கட்டிப்போட்டு வைக்கிறது, கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாது என்று. முழிப்பு வந்த பிறகும் அந்தக் கட்டு அவிழச் சில விநாடியோ ஓரிரு நிமிடமோ ஆனால், அதுதான் அமுக்குவான். மூச்சு நிற்பதில்லை. மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். நெஞ்சுக்கூட்டுத் தசைகள் தளர்ந்திருப்பதால் யாரோ மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி கனக்கிறது. மல்லாந்து படுத்தால் இது அதிகம் வரும். விடியற்காலையில் கனவுத் தூக்கம் நீளும் நேரத்தில் அரைகுறையாக விழித்தாலும் வரும். ஆகவே மல்லாக்கப் புரளவும் கூடாது, அதைத் தடுக்கிறேன் என்று தூக்கம் கலையவும் கூடாது. பனியன் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து வைக்கும் வழி இந்த இரண்டாவது விஷயத்தில்தான் தோற்கிறது. புரளும்போதெல்லாம் குத்தி எழுப்பும். துண்டு துண்டான தூக்கம் அமுக்குவானை இன்னும் கூட்டும். ஒருக்களித்துப் படுத்து முதுகுக்குப் பின்னால் வைத்த பஞ்சுத் திண்டு எழுப்பாமல் தடுக்கும்.

அளவு: 4 அடி நீளம், 9 அங்குல விட்டம். பஞ்சு இரண்டரை முதல் மூன்று கிலோ, உங்கள் கண்முன்னே எடை போடச் சொல்லுங்கள். குறைந்தால் தோள் கனத்தில் நடுவில் பள்ளம் விழுந்து, நடுராத்திரி அப்படியே மல்லாந்துவிடுவீர்கள். ஒரு கைப்பிடி பஞ்சை அழுத்திவிட்டுப் பாருங்கள். தேனி மாவட்டம் போடிப் பக்கத்து நல்ல இலவம் வழுவழுவென்று, லேசான மினுமினுப்போடு, விட்டதும் உப்பும். திரிதிரியாக, சொரசொரப்பாக இருந்தால் கழிவுப் பஞ்சு கலந்திருக்கிறது. முனைகளைச் சுருக்கிக் கட்டாமல் வட்டத் துண்டு வைத்துத் தைக்க வேண்டும். உள்ளுறை நெருக்க நெசவாக இருக்கட்டும், இல்லையென்றால் தூசு கசியும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தப் பஞ்சே வேண்டாம்.

இன்னொன்றும் தையற்காரரிடம் சொல்ல வேண்டும். கோரைப்பாயில் திண்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் திண்டின் நீளவாக்கில் ஒன்றரை அடி அகலத்துக்குக் கெட்டித் துணிப்பட்டி ஒன்று சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். பட்டியை விரித்து அதன்மேல் ஒருக்களித்துப் படுத்தால் உடம்புக் கனமே திண்டைப் பிடித்துக்கொள்ளும். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு பழைய தலையணை போதும். கைக்குழந்தை படுக்கும் பக்கம் திண்டு இருக்கக் கூடாது.

காசிமேடு, எண்ணூர் மாதிரி கடலோரத்தில் பஞ்சு சீக்கிரம் ஈரம் கோத்துக் கட்டியாகும். வாரம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் போட்டுத் தட்டிவிடுங்கள். துவைக்கவே கூடாது. அமுங்கிப் போனால் அரை கிலோ பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம். ஃபோம் திண்டில் இது நடக்காது, மே மாதப் புழுக்கத்தில் அதோடு ஒட்டிப் படுக்கவும் முடியாது.

திண்டால் ஆகாததும் உண்டு. மணலி கம்பெனியிலோ துறைமுகத்திலோ ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்குத் தூக்கப் பற்றாக்குறைதான் பெரிய காரணம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டு, தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். குடித்துவிட்டுப் படுத்தால் முன்னிரவில் அடங்கியிருந்த கனவுத் தூக்கம் பின்னிரவில் மொத்தமாக வரும், அமுக்குவானும் சேர்ந்து வரலாம். ஒருக்களித்தே படுத்தும் சிலருக்கு வரத்தான் செய்கிறது.

வந்துவிட்டால் உடம்பு முழுவதையும் உதறப் பார்க்காதீர்கள். முடியாமல் போகப் போகப் பயம்தான் ஏறும். மூச்சை மெதுவாக விட்டு, கால் கட்டைவிரலையோ ஒரு கைவிரலையோ மட்டும் அசைக்கப் பாருங்கள். முனகல் கேட்டால் தோளைத் தொட்டுக் கூப்பிடும்படி வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள், தொட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். விட்டதும் உடனே கண் மூடினால் திரும்ப வரலாம். எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் கழித்துப் படுங்கள். தலைமாட்டில் இரும்புத் துண்டு வைத்தால் தைரியம் வருகிறது என்கிற பாட்டியைத் தடுக்க வேண்டாம், பயம் குறைவதும் நல்லதே. கத்தி, அரிவாள்மணை மட்டும் வேண்டாம்.

பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் தொய்வது, குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சரி, வாராவாரம் அமுக்குவான் வந்தாலும் சரி, திண்டு வாங்கும் முன் ஸ்டான்லி ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் காட்டுங்கள்.