கொரியச் சிவப்பு வேரா, அமெரிக்க வேரா? ஜின்செங் வகைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ ஒரு பழைய சீன மருந்துக்கடைக்குள் நுழைந்தால், கண்ணாடிச் சாடிகளில் ஏறத்தாழ ஒரே தோற்றமுள்ள வேர்கள் வரிசையாக இருப்பதையும், விலைச்சீட்டுகள் மட்டும் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுவதையும் காணலாம். அவற்றுள் பலவும் 'ஜின்செங்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. எது உயர்ந்தது என்பதே வாங்குபவரின் முதல் கேள்வியாக இருக்கிறது. என் கருத்தில் அதற்கு முன் கேட்க வேண்டியது, அதை உட்கொள்ளப் போகிறவர் ஏற்கெனவே என்னென்ன மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான். ஏனெனில், இந்த வேர்களின் நற்பயன்களைக் காட்டிலும் அவை பிற மருந்துகளோடு மோதும் விதம் பல நேரங்களில் தெளிவாகத் தெரிய வந்திருக்கிறது.

வெள்ளை ஜின்செங்கும் சிவப்பு ஜின்செங்கும் இரு வேறு செடிகள் என்று எண்ணுவோர் உண்டு. இரண்டும் சீனாவின் ஜிலின் மாகாணத்திலும் கொரியாவிலும் பயிராகும் 'பானாக்ஸ் ஜின்செங்' என்ற ஒரே செடியின் வேர்களே. மனித உருவை ஒத்திருப்பதால் சீனர் இதை 'ரென்ஷென்', அதாவது மனித வேர், என்று அழைத்தனர். பறித்த வேரை அப்படியே உலர்த்தினால் வெள்ளை. ஆவியில் அவித்து உலர்த்தினால் சிவப்பு. கொரியச் சிவப்பு வேருக்குப் பொதுவாக ஆறாண்டு வளர்ந்த வேரையே தேர்ந்தெடுக்கிறார்கள். அவிக்கும்போது நிறம் மட்டும் மாறுவதில்லை. ஜின்செனோசைடுகள் எனப்படும் முதன்மைச் சேர்மங்களில் சில சிதைந்து, பச்சை வேரில் அரிதாகவே காணப்படும் ஆர்ஜி3 போன்றவை உருவாகின்றன. சிவப்பு வேர் கூடுதல் சூடு என்று சீன மருத்துவர்கள் சொல்வது, உடற்சூடு, குளிர்ச்சி என்று பேசியே பழகிய நமக்கு எளிதில் விளங்கும்.

அமெரிக்க ஜின்செங் அதே பேரினத்தின் வேறோர் இனம். சீன எல்லைப்புறத்தில் கண்ட ஜின்செங்கைப் பற்றிப் பியர் ஜார்டூ என்ற இயேசு சபைத் துறவி 1711-இல் எழுதிய கடிதத்தைப் படித்த அதே சபையின் ஜோசப் லாஃபித்தோ, 1716-இல் மான்ட்ரியல் அருகே அதன் உறவுச் செடியைத் தேடிக் கண்டுபிடித்தார். 1784-இல் அமெரிக்காவிலிருந்து சீனத் துறைமுகமான கான்டனுக்குச் சென்ற முதல் வணிகக் கப்பலின் முக்கியச் சரக்கும் இந்த வேர்தான். இன்று விஸ்கான்சின் மாநிலத்தின் மராத்தான் வட்டாரமும் கனடாவின் ஒன்டாரியோவும் இதற்குப் பெயர்பெற்றவை. சீன மருத்துவம் இதைக் குளிர்ச்சியானதாகக் கருதுவதால், வெப்பமான ஊர்களில் வாழும் சீனர்கள் சிவப்பு வேரைத் தவிர்த்து இதை விரும்புவதுண்டு. வேதியியலிலும் இரண்டும் ஒன்றல்ல: அமெரிக்க வேரில் ஆர்பி1 மிகுதி, ஆர்ஜி1 குறைவு, ஆசிய வேரில் (பானாக்ஸ் ஜின்செங்கில்) உள்ள ஆர்எஃப் அதில் இல்லாததால், ஆய்வகத்தில் இரண்டையும் பிரித்தறிய அதுவே அடையாளமாகிறது.

இரத்தச் சர்க்கரையில் இந்த வேறுபாடு நன்றாக வெளிப்படுகிறது. டொரான்டோ ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 3 கிராம் அமெரிக்க வேர்த்தூளை முன்னதாக உட்கொண்டவர்களுக்குக் குளுக்கோஸ் குடித்த பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. அதே குழு ஆசிய ஜின்செங்கைச் சோதித்தபோது பயன் ஏதும் தெரியவில்லை. ஒரு சோதனையில் சர்க்கரை கூடவும் செய்தது. இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது 2003-இல் அவர்கள் கண்ட மற்றொரு முடிவு: ஜின்செனோசைடுகள் குறைந்த வேறொரு தொகுதி அமெரிக்க வேரைக் கொடுத்தபோது எந்த விளைவும் ஏற்படவில்லை. இனம் ஒன்றே என்றாலும் தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறுகிறது என்றால், சர்க்கரை மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வேரை நம்புவது எவ்வகையிலும் பொருந்தாது. மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும்.

சோர்வுக்கு மருந்தாக எடுப்பதில் அமெரிக்க வேருக்குச் சற்று வலுவான சான்று இருக்கிறது. புற்றுநோய்ச் சோர்வால் வருந்திய 364 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2 கிராம் விஸ்கான்சின் வேர் எட்டு வாரங்களில் சோர்வைக் குறைத்தது. நான்கு வாரங்களில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பதையும், முதல் நாளே தெம்பு வந்துவிட்டதாகச் சொல்லும் விளம்பரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

ஆனால், 'குளிர்ச்சியான' வேர் என்பதால் அது தீங்கற்றது என்று பொருளாகாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேலையை அமெரிக்க வேர் குறைத்ததாக, உடல்நலமுள்ள 20 பேரிடம் நடத்திய 2004-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆசிய வேரைப் பொறுத்தவரை சான்றுகள் முரண்படுகின்றன. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட 47 வயதுக்காரர் ஒருவர் ஜின்செங் எடுக்கத் தொடங்கிய பின், வார்ஃபரினைக் கண்காணிக்கும் ஐஎன்ஆர் அளவு 3.1-இலிருந்து 1.5-க்கு இறங்கியது, அதாவது மருந்தின் வேலை குறைந்தது, 1997-இல் பதிவானது; நலமுள்ளவர்களிடம் நடத்திய ஆய்வொன்றிலோ மாற்றம் எதுவும் காணப்படவில்லை. வால்வு உள்ளவருக்கு இந்தச் சர்ச்சை தீரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையில்லை, இரு வேர்களையும் தவிர்த்துவிடலாம். இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரையைப் பல ஆண்டுகள் சிக்கலின்றி எடுத்துவந்த 26 வயது இளைஞருக்கு, ஜின்செங் கலந்த ஊக்கபானத்தை நாள்தோறும் குடித்த பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்டது 2010-இல் பதிவாகியுள்ளது. பானத்தில் கலந்திருப்பதைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை என்பதுதான் இங்குள்ள ஆபத்து. தூக்கமின்மை, படபடப்பு, தலைவலி ஆகியவை இரு வேர்களுக்கும் சொல்லப்படும் பக்கவிளைவுகள். கருவுற்ற பெண்கள் இவற்றில் எதையும் தொடாதிருப்பதே நல்லது.

பெயரால் மட்டும் இந்த வரிசையில் நிற்பவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். யுன்னானின் வென்ஷானில் விளையும் சான்சி பானாக்ஸ் பேரினத்தைச் சேர்ந்ததே என்றாலும், இரத்தக்கசிவுக்கும் இரத்தக்கட்டுக்கும் உரிய மருந்தாகையால், தெம்புக்கென்று வாங்கக் கூடாது. 'சைபீரிய ஜின்செங்' வேறு பேரினம். அதில் ஜின்செனோசைடுகளே இல்லை. அமெரிக்கச் சட்டம் 2002 முதல் அதை ஜின்செங் என்று விற்கத் தடை விதித்திருக்கிறது. நம் அமுக்கராவை 'இந்திய ஜின்செங்' என்பதும் வணிகம் ஒட்டிய பெயரே. அது கத்திரிக் குடும்பத்துச் செடி.

விலை மலிந்த டாங்ஷென் வேரை ஏழைகளின் ஜின்செங் என்பார்கள். வேறு குடும்பத்தைச் சேர்ந்த அது, வீரியம் குறைந்த மாற்றாகச் சீன வீடுகளில் கோழி சூப்பில் சாதாரணமாகக் கொதிக்கிறது. சீன மருந்தளவு நூல் ரென்ஷென்னுக்கு 3 முதல் 9 கிராம் வரையும் டாங்ஷென்னுக்கு 9 முதல் 30 கிராம் வரையும் சொல்வதிலிருந்தே வீரிய வேறுபாடு புரியும். அந்த 9 கிராம் மருத்துவர் நாடி பார்த்துத் தரும் கசாயத்திற்குரியது. தானாக வாங்கி உண்பவருக்கு, நாளுக்கு 1 முதல் 2 கிராம் வேர், அதுவும் மூன்று மாதத்திற்கு மேற்படாமல் என்ற, ஜெர்மானிய அரசின் மூலிகை வல்லுநர் குழு வகுத்த வரையறையே ஏற்றது.

எந்த மாத்திரையும் எடுக்காத, நல்ல உடல்நிலையிலுள்ள ஒருவர் என்னிடம் கேட்டால், இன்னதென்று கண்ணால் அறியத்தக்க வெட்டிய அமெரிக்க வேர்த்துண்டுகளைக் காலையில் வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்வேன். பல மூலிகைகள் கலந்த கெட்டிச்சாற்றுப் புட்டிகளைப் பரிந்துரைக்க மாட்டேன். சூப்பின் சுவைக்காக மட்டும் தேடுபவருக்கு டாங்ஷென் போதும். சிவப்பு வேரை, அதன் சூட்டை எடைபோடத் தெரிந்த சீன மருத்துவரின் கையிலிருந்து மட்டுமே பெறலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர், எந்த வகையாயினும் குறைந்தது 7 நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு, அதை இதுவரை எடுத்துவந்ததை மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவரிடம், அவர் கேட்காவிட்டாலும், சொல்லிவிட வேண்டும்.