"கேஸ் போய்க்கொண்டிருக்கிறது" என்றால் நம்பரைக் கேளுங்கள்

லண்டனில் வீடு வாங்கியபோது சொலிசிட்டர் (காகித வேலை பார்க்கிற வக்கீல்) விட்ட பிழையில் மாட்டிக்கொண்டு, "தெரிந்த ஒருவர் பார்த்துத் தருகிறார்" என்று நிம்மதியாக இருக்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் மூன்று வருடம் அப்படி நிம்மதியாகத்தான் இருந்தேன்.

2015 யூன் மாதம் கிழக்கு லண்டனில் புதிதாகக் கட்டிய ஒரு ஃபிளாட் வாங்கினோம். 285,000 பவுண்ட், 125 வருட லீஸ், அதாவது நீண்டகாலக் குத்தகை. சொலிசிட்டரையும் விற்பனை அலுவலகத்திலேயே காட்டிவிட்டார்கள். அவரிடம் போனால் சட்டச் செலவில் 600 பவுண்ட் கழிவு. "விற்கிறவன் காட்டுகிற ஆளையே வாங்குகிறவனும் வைத்துக்கொள்வதா?" என்று மனைவி கேட்டாள். 600 பவுண்ட் மிச்சம் என்றேன் நான். வீட்டில் இன்றைக்கும் இந்த வசனம் அவ்வப்போது வரும்.

சொலிசிட்டர் அனுப்பிய அறிக்கையில் கிரவுண்ட் ரென்ட் (நிலத்துச் சொந்தக்காரருக்கு வருடாவருடம் கட்டுகிற வாடகை) பற்றி ஒரே ஒரு வரி: வருடத்துக்கு 350 பவுண்ட். லீஸின் கடைசிப் பக்கங்களில், அட்டவணைக்குள் இருந்ததை அவர் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கும். 2025இல் 700, 2035இல் 1,400, அப்படியே போனால் ஐம்பதாவது வருடம் 11,200 பவுண்ட். 2022 யூன் 30இலிருந்து எழுதுகிற புதிய லீஸ்களில் பெரும்பாலும் கிரவுண்ட் ரென்ட்டே வாங்க முடியாது என்று சட்டம் வந்துவிட்டது. பழைய லீஸ்காரர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

2018 நவம்பரில் மோர்ட்கேஜ் மாற்றப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புதிய வங்கி முடியாது என்று எழுதிவிட்டது. காரணமும் கடிதத்திலேயே இருந்தது: கிரவுண்ட் ரென்ட் இரட்டிக்கும் நிபந்தனை. அந்தக் கடிதம் நவம்பர் 19ஆம் தேதி வந்தது. இந்தத் தேதி பிறகு வரும்.

மாமாவின் சிநேகிதர் ஒருவர், "எங்கடை ஆள் ஒருத்தர் இருக்கிறார், நல்ல லோயர்" என்று கூட்டிக்கொண்டு போனார். மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறை. சுவரில் அரசியல்வாதிகளோடு எடுத்த படங்கள். கதவில் "லீகல் கன்சல்டன்ட்" என்று பலகை. லீஸை ஐந்து நிமிடம் புரட்டிவிட்டு, "ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ தம்பி. இது தெளிவான நெக்லிஜென்ஸ். எங்கடை பாரிஸ்டர் கடிதம் போட்டாலே இன்சூரன்ஸ்காரன் காசு தந்திடுவான்" என்றார். நெக்லிஜென்ஸ் என்றால் தொழிலில் விட்ட கவனக்குறைவு, பாரிஸ்டர் என்றால் கோர்ட்டில் எழும்பிப் பேசுகிற வக்கீல்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. பிழை தெளிவானதுதான். இங்கே சொலிசிட்டர் நிறுவனம் நடத்துகிறவர் கட்டாயம் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும், குறைந்தது 20 லட்சம் பவுண்ட், கம்பனியாகப் பதிந்திருந்தால் 30 லட்சம். அந்தக் காசு அங்கே இருந்தது. போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை.

2019 பெப்ரவரியில் 1,200 பவுண்ட் கொடுத்தேன், கோப்புத் திறக்க. ஏப்ரலில் 1,500, பாரிஸ்டருக்கு என்றார். ஓகஸ்டில் 2,000, கோர்ட் கட்டணம். 40,000 பவுண்ட் கேட்கிறோம், அதில் 5 சதவீதம் என்று கணக்கும் காட்டினார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பணம் மூன்று முறையும் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போனது. எனக்குக் கிடைத்த ஒரே பேப்பர், அவருடைய லெட்டர்ஹெட்டில் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு துண்டு.

அப்புறம் கொரோனா வந்தது. அவருக்கு அது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். 2020 முழுக்க "கோர்ட் பூட்டிக் கிடக்குது தம்பி". 2021 முழுக்க "கேஸ்கள் குவிஞ்சு போச்சு, எங்கடை முறை வரும்". நான் நம்பினேன். ஊரில் காணி வழக்கு இருபது வருடம் இழுபட்டதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, இரண்டு வருடம் ஒன்றும் நடக்காதது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

2022 மார்ச்சில் வேலையிடத்து நண்பர் ஒருவர், பாரிஸ்டரிடம் நேரடியாகவே போகலாமே என்றார். எனக்கு அது தெரியாது. 2004இலிருந்து அப்படி ஒரு வழி இருக்கிறது, சொலிசிட்டர் இடையில் இல்லாமல் பொதுமக்களே பாரிஸ்டரை அமர்த்தலாம். எல்லா பாரிஸ்டரும் செய்வதில்லை, அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் மட்டும். சொத்து, வணிகம், தொழில்முறைக் கவனக்குறைவு ஆகிய வழக்குகள் பார்க்கும் ஒரு பெண் பாரிஸ்டரின் சேம்பருக்கு, அதாவது அவருடைய அலுவலகத்துக்கு, எழுதினேன். அங்கிருந்த கிளார்க் அடுத்த நாளே பதில் போட்டார்: காகிதங்களை வாசித்து, ஒன்றரை மணி நேரம் பேச 900 பவுண்டும் வரியும். தொகை, அதற்குள் என்ன வேலை, எதெல்லாம் அடங்காது, எல்லாம் எழுத்தில். கட்டணம் சேம்பரின் கணக்குக்கு. அவருடைய வேலைக்கான கூலியைத் தவிர என்னுடைய வேறு எந்தப் பணத்தையும் பாரிஸ்டர் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அதை வாசித்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

லிங்கன்ஸ் இன் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தில் சந்திப்பு. கிரவுண்ட் ரென்ட் பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. முதல் கேள்வி: "இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று உங்களுக்கு முதலில் தெரிந்தது எந்த நாள்?" இரண்டாவது: "வழக்கின் நம்பர் என்ன?"

நம்பர் என்னிடம் இல்லை. ஆளுக்கு ஃபோன் எடுத்தேன். "அது கோப்பிலை இருக்குது, பிறகு சொல்லுறன்" என்றார். பாரிஸ்டர் நீல நிற நோட்டில் ஒரு கோடு போட்டு மூன்று தேதி எழுதினார். வாங்கும் ஒப்பந்தம் உறுதியான 2015 யூனிலிருந்து ஆறு வருடம், அதாவது 2021 யூன். பிழை தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம், அதாவது 2021 நவம்பர் 19. 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இந்த இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வழக்குப் போடலாம். மூன்றாவது, நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்த அன்றைய தேதி. நான்கு மாதம் பிந்திவிட்டேன். கொரோனாவுக்காக ஒரு நாள்கூட நீட்டவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வழக்குப் போட்டிருந்தால் கோர்ட் முத்திரையும் நம்பரும் உள்ள படிவம் ஒன்று இருக்கும். போட நேரமில்லை என்றால்கூட, காலக் கணக்கை நிறுத்திவைப்போம் என்று எதிர்த்தரப்போடு எழுத்தில் ஒரு உடன்பாடு செய்திருக்கலாம், இரண்டு பக்க வேலை. இரண்டுமே நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொலிசிட்டர்களின் பதிவேட்டிலும் பாரிஸ்டர்களின் பதிவேட்டிலும் அந்த ஆளின் பெயரைத் தேடினேன். இரண்டும் இலவசம், இரண்டு நிமிட வேலை. இரண்டிலும் அவர் இல்லை.

அவர் தன்னை சொலிசிட்டர் என்றோ பாரிஸ்டர் என்றோ ஒருநாளும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெயர்களைப் பொய்யாகப் போட்டுக்கொண்டால் இங்கே குற்றம். "லோயர்" என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். நாங்களோ எல்லாரையும் லோயர் என்கிறோம். யாழ்ப்பாணத்தில் என் தாத்தா காலத்து ஆட்கள் இதில் எங்களைவிடத் தெளிவு. கோர்ட்டில் எழும்பிப் பேசுகிறவர் அப்புக்காத்து, காகித வேலை பார்க்கிறவர் பிரக்கிராசி. 1973ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையில் இரண்டையும் ஒன்றாக்கி சட்டத்தரணி என்றது. எங்கள் தலைமுறைக்கு அந்த வித்தியாசமே மறந்துபோனது. இங்கிலாந்தில் அது அப்படியே இருக்கிறது.

வக்கீல்கள் மேலான முறைப்பாடுகளைப் பார்க்கிற லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போனேன். பதிவில் உள்ளவர்களைப் பற்றித்தான் அவர்கள் பார்ப்பார்கள். என் வழக்கைத் தொலைத்ததற்காக அந்த ஆள் மேல் வழக்குப் போடலாமா என்று பாரிஸ்டரிடம் கேட்டேன். சட்டப்படி வழி இருக்கிறது, ஆனால் அவரிடம் காப்புறுதியும் இல்லை, சொத்தும் இருப்பதாகத் தெரியவில்லை, இன்னும் செலவழிக்கப் போகிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். மொத்தச் சந்திப்பில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான பேச்சு அதுதான்.

கொடுத்த 4,700 பவுண்டைக் கேட்டு நானே சிறு வழக்கு ஒன்று போட்டேன். அவர் பதில் தராததால் தீர்ப்பு எனக்குச் சார்பாக வந்தது. காசு வரவில்லை. மாடி அறை இப்போது பூட்டு.

தானே வழக்கு நடத்தப் போகிறவர்களுக்கும் ஒன்று. 2018இல் உச்ச நீதிமன்றம் வரை போன பார்ட்டன் வழக்கில், தன் பழைய சொலிசிட்டர்கள் மேல் வழக்குப் போட்ட ஒருவர், வழக்குப் படிவத்தைக் கடைசி நேரத்தில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஈமெயிலில் அனுப்பினார். ஈமெயிலில் ஏற்போம் என்று அவர்கள் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. செல்லாது என்று மூன்றுக்கு இரண்டு பெரும்பான்மையில் முடிந்தது. அவருக்கு வக்கீல் இல்லை என்பதற்காகச் சலுகை கொடுக்கவில்லை.

ஆளின் பெயரைக் கேட்டு நிறையப் பேர் எழுதுவீர்கள். இங்கே போட மாட்டேன், அது வேறு வழக்காகிவிடும். உங்கள் கோப்பு யாரிடம் இருந்தாலும் இன்றைக்கே நம்பரைக் கேளுங்கள், பிழை தெரியவந்த கடிதத்தைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்று வருடம் நெருங்கியிருந்தால் இந்த வாரமே பதிவேட்டில் உள்ள ஒருவரிடம் போய்விடுங்கள்.

2025 யூனில் எனக்கு 700 பவுண்ட் பில் வந்தது.